ஹாக்கி ஆடப் போன ஒன்பது பேர்

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்து ஒரு வருடம் கடந்திருந்த சமயம் அது. நெகிரி செம்பிலானில் தம்பினுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால்வெட்டுத் தொழிலாளி. பெயருக்குத்தான் பால்வெட்டு. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பாலை வாங்க ஆளில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மரவள்ளிக்கிழங்கு நட்டு, அதையே மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்தோம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எங்கள் தோட்டத்து ஹாக்கிக் குழுவுக்கு நான்தான் கேப்டன்.

தோட்டத்துக் கூலிக்கு ஹாக்கியா என்று சிரித்தவர்கள் உண்டு. சண்டைக்கு முன்னால் துரைமார் ஆடிவிட்டுக் கழித்துப் போட்ட மட்டைகளை வைத்துத்தான் ஆரம்பித்தோம். மட்டை உடைந்தால் கொய்யாக் கிளையைச் செதுக்கிக்கொள்வோம். பந்து இல்லாவிட்டால் மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உருட்டித் துணி சுற்றி ஆடுவோம். அது கண்டபடி துள்ளும். அதோடு ஆடிப் பழகியவனுக்கு நிஜப் பந்து பூனைக்குட்டி மாதிரி அடங்கி வரும்.

எங்கள் சென்டர் பார்வர்ட் என் தங்கையின் கணவன். அதற்கு முன்பே என் சிநேகிதன். தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்ததால் பழைய பத்திரிகைகள் அவன் கைக்கு வரும். இந்திய ஹாக்கிக் குழு மூன்று ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து தங்கம் வாங்கிய செய்திகளை வெட்டித் தகரப் பெட்டியில் வைத்திருந்தான். பெர்லினில் ஜெர்மன்காரர்களோடு நடந்த கடைசி ஆட்டத்தில், நம் கேப்டன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஆடியதையும் எட்டு கோல் விழுந்ததையும், தானே கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்த்தவன் போலச் சொல்வான். எங்களில் ஒருவனுக்கும் சப்பாத்து கிடையாது. அந்தக் கதையை எத்தனை முறை கேட்டாலும் எங்களுக்கு அலுக்காது. 'கூலி' என்ற பெயரைத் தவிர வேறு பெயரில் எங்களை யாரும் கூப்பிடாத காலத்தில், எங்கள் நிறத்து ஆட்கள் உலகத்தையே தோற்கடித்தார்கள் என்றால் அது எங்களுக்குச் சின்ன விஷயமா?

அந்தப் பெருமையை வைத்துத்தான் எங்களைப் பிடித்தார்கள்.

துரை போன பிறகு தோட்டம் முழுவதும் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் கைக்கு வந்திருந்தது. ஜப்பான் அதிகாரிகளோடு பேசுகிறவரும் அவர்தான். ஒருநாள் காலை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். அதுவரை எங்களை வாசற்படியில் நிற்க வைத்தே பேசுகிறவர், அன்றைக்கு நாற்காலியைக் காட்டினார்.

"சிரம்பான்ல இருக்கிற பெரிய ஜப்பான் அதிகாரி ஆக்கிப் பைத்தியமாம். ஒலிம்பிக்ல நம்மாளுங்க பதினோரு கோல் போட்டு ஜப்பானை அடிச்சாங்கல்ல, அது இன்னும் அவருக்கு மறக்கலையாம். இங்க இருக்கிற இந்தியன் எப்படி ஆடுறான்னு பாக்கணுங்கிறாரு. ஜெயிச்சா ஒரு மூட்டை அரிசி. தோத்தாலும் மத்தியானச் சோறு உண்டு. உன் டீம் ஆளுங்க பேரை எழுதிக் குடு. வயசையும் சேத்து எழுது" என்றார்.

வயது எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் என் நெற்றியில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த சிலரில் நானும் ஒருவன். பதினொரு பெயர்களையும் அழகாக எழுதினேன். முதலில் என் மாப்பிள்ளையின் பெயர். ரைட் விங் ஆடிய கிராணியின் அக்கா மகன் பெயரும் அதில் இருந்தது.

அந்த வாரம் முழுக்கத் தோட்டமே திருவிழா மாதிரி இருந்தது. கிழங்கு தின்ற வயிற்றோடு காலையும் மாலையும் பயிற்சி செய்தோம். ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கை, கணவனின் ஒரே வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்தாள்.

குறித்த நாள் காலையில், தினமும் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு லாரி வந்தது. கூடவே மூன்று சிப்பாய்கள். கிராணியின் அக்கா மகன் வரவில்லை. அவனுக்குக் காய்ச்சல் என்றார்கள். மற்றவர்கள் மட்டையோடு ஏறினார்கள். நான் கடைசியாக ஏறியபோது ஒரு சிப்பாய் என் முழங்காலுக்குக் கீழே இருந்த துணிக்கட்டைப் பார்த்தான். பல நாளாக ஆறாத புண். துப்பாக்கிக் கட்டையால் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, மூக்கைச் சுளித்து என்னைக் கீழே தள்ளினான்.

நான் விடவில்லை. நான்தான் கேப்டன், புண்ணோடு எத்தனையோ ஆட்டம் ஆடியிருக்கிறேன் என்று கிராணியிடம் கெஞ்சினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "வேணாம்னா விட்டுடு லா" என்றார்.

என் ஆத்திரம் மாப்பிள்ளை மேல் திரும்பியது. "நான் இல்லாம டீம் போகக் கூடாது, இறங்கு" என்று கத்தினேன்.

அவன் லாரியிலிருந்து குனிந்து, "கோவிச்சுக்காத மச்சான். சோறு போட்டா உனக்கும் கட்டிக் கொண்டாறேன். அவளைப் பாத்துக்க" என்றான்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். லாரி போகும் சத்தத்தைக் கேட்டேனே தவிர, போனதைப் பார்க்கவில்லை.

அன்று மாலை அவர்கள் திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆட்டம் நீண்டிருக்கும், விருந்து வைத்திருப்பார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மூன்றாம் நாள் காலை, தம்பின் சந்தைக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் சைக்கிளில் வந்தார். எங்கள் ஊர்ப்பக்கத் தமிழர்தான். அதற்கு முன் அவரோடு நான் பேசியதில்லை. சைக்கிளின் பின்னால் ஒரு நீளமான சாக்குக் கட்டு. லயத்து வாசலில் அதை இறக்கிப் பிரித்தார். உள்ளே ஒன்பது ஹாக்கி மட்டைகள்.

"இது இந்தத் தோட்டத்துப் புள்ளைங்களோடதுதானே தம்பி? ரயில் ஸ்டேஷன்ல கிடந்துச்சு. சாமான் ஏத்துற பெட்டியில அடைச்சு வடக்க கொண்டுபோயிட்டானுங்க. சயாம்ல ரயில் பாதை போடுறானுங்கல்ல, அங்கதான். மட்டையெல்லாம் புடுங்கி எறிஞ்சானுங்க. ஒரு புள்ள மட்டும் மட்டையை விடாம, சிரம்பானுக்கு விளையாடத்தான் வந்தோம், விளையாடத்தான் வந்தோம்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அடிச்ச அடியில பேச்சு நின்னுடுச்சு" என்றார்.

அந்த மட்டை எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. என் தங்கை தன் கணவனின் மட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நேராகக் கிராணி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று கேட்டேன். அவர் மறைக்கக்கூட இல்லை.

"ஆள் வேணும்னு கேட்டான். பெரட்டுல கூப்பிட்டா எல்லாரும் காட்டுக்குள்ள ஓடிருவீங்க. ஆக்கின்னு சொன்னா தானா வந்து ஏறுவீங்க. என்னை என்னா செய்யச் சொல்ற?"

"உங்க அக்கா மகன் பேரையும் நான் எழுதிக் குடுத்தேனே."

"அவனுக்குக் காய்ச்சல்."

காய்ச்சல்காரன் உள்ளே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். கிழங்கு அல்ல, சோறு. என் கை அவர் சட்டையைப் பிடிக்கப் போனது. அவர் அசையவில்லை.

"அடுத்த வாரம் இன்னொரு லாரி வருது. உன் கால் ஆறிடுச்சான்னு பாக்கச் சொல்லவா?" என்றார், விலை விசாரிக்கிறவர் மாதிரி சாதாரணமாக.

என் கை தானாகக் கீழே இறங்கியது. ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் திரும்பி வந்தேன். தங்கையை யார் பார்ப்பார்கள் என்று யோசித்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுமட்டும் இல்லை. பயந்தேன்.

மறுநாள் விடிந்ததும் தங்கையைக் கூட்டிக்கொண்டு தம்பினுக்கு நடந்தேன். அந்தக் கடைக்காரர் எதையும் கேட்காமல் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். அவள் மகள் அங்கேதான் பிறந்தாள். பிரசவம் பார்த்தது அவருடைய மனைவி. யாரென்றே தெரியாத அவர்கள் எங்களுக்கு ஒரு கூரை கொடுத்தார்கள். பத்து வருடமாக எங்களைத் தெரிந்தவர் எங்களைப் பிடித்துக் கொடுத்தார்.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு ஒன்பது பேரில் இரண்டு பேர் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து யாரென்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என் மாப்பிள்ளை சயாமில் காலராவில் போய்விட்டான் என்று அவர்கள்தான் சொன்னார்கள். வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்தார். கிராணி அதே நாற்காலியில் இருந்தார். தொழிலாளிகளைக் காப்பாற்றியவர் என்று அவருக்கு நற்சான்றும் கிடைத்தது.

சில வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றபோது தோட்டத்தில் விழா வைத்தார்கள். நானும் தங்கையும் போனோம். மாலையும் கழுத்துமாக நின்று அவர் பேசினார். சுதந்திர இந்தியா மறுபடியும் ஒலிம்பிக்கில் ஜெயித்திருந்த சமயம். "நம்ம வீரர்களைப் போல இந்தத் தோட்டத்திலும் ஹாக்கியை வளர்த்தவன் நான்" என்றார். கைதட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். "நீங்க சிரம்பானுக்கு ஆட அனுப்புன ஒன்பது பேரு எங்கய்யா?" என்று கேட்டேன். விழாக்காரர்கள் இரண்டு பேர் வந்து என் முழங்கையைப் பிடித்தார்கள். "நல்ல நாள்ல எதுக்குண்ணே பழசைக் கிளறுறீங்க?" என்றார்கள். பெண்கள் பக்கத்தில் என் தங்கை எழுந்தாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு, மேடையைப் பார்க்காமலே வெளியே நடந்தாள். பின்னால் நான்கைந்து பெண்கள் எழுந்து போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு இன்னும் போடவில்லை.

உயிருக்குப் பயந்து அப்படிச் செய்தார் என்று சிலர் அவருக்காகப் பேசுகிறார்கள். பயம் என்னவென்று எனக்கும் தெரியும். ஆனால் பயந்து செய்தவன், பின்னால் அதே காரியத்துக்கு மாலை வாங்கிக்கொள்ள மாட்டான். அவர் மேலும், அவர் வாசலில் வாயடைத்து நின்ற என் மேலும் எனக்கு இருக்கும் கோபம் இத்தனை வருடத்தில் கொஞ்சமும் குறையவில்லை. அது குறைந்துவிட்டால் போனவர்களுக்காகக் கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்றுதான் அதைக் குறைய விடாமல் வைத்திருக்கிறேன்.