பலாமரத்தடியில் ஒரு ராக் கச்சேரி

எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவனுக்கு விரல்தான் முதலில் காய்க்கும் என்பார்கள். வீட்டிலிருக்கிறவர்களின் காது அதற்கு முன்பே காய்த்துவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. அதிலும் மலைமேல் வளப்பூர் நாட்டில் மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டுக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் ராக் வாசிக்க ஆசைப்படுகிறவன் பாடு இருக்கிறதே, சக கிட்டார் நோயாளிகளே, உங்களுக்குத்தான் அது புரியும்.

நிபந்தனை

சேலத்தில் ஒருவர் வேண்டாமென்று கழித்த பழைய வால்வு ஆம்ப் ஒன்றை, அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியை, வாங்கி வந்தேன். பீரோவில் பாதி இருக்கும், கனம் மட்டும் முழு பீரோ. மிளகு மூட்டை அடுக்கும் மூலையில் அதை வைத்தேன். அன்றே என் மனைவி செல்வி கெடு விதித்துவிட்டாள். பலாப் பருவம் முடிவதற்குள் ஊரில் ஒருவராவது தானாக வந்து என்னை வாசிக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பெட்டி மலையிறங்கிவிடும். சொந்தக்காரர்கள் சொன்னால் செல்லுமா என்று கேட்டேன்.

“எங்கப்பா சொன்னா மட்டும் செல்லுங்க. அவருக்குப் பொய் சொல்ல வராது.”

மாமனார் ரசித்தது

மாமனாரை அடிவாரத்திலிருந்து பலாச்சுளை தின்ன அழைத்தேன். உள்நோக்கம் உங்களுக்கே தெரியும். ஆனால் அந்த வாரம் முழுக்க மூடுபனி. ஈரம் ஏறினால் கிட்டாரின் கழுத்து மெல்ல வளைந்துகொள்ளும். தந்தி மேலெழும்பி, விரல் வைக்குமிடத்தில் ஸ்வரம் நிற்காது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சாவியால் கால் திருகு திருகி, தந்தியைத் தட்டிப் பார்த்து, மறுபடி திருகி, மறுபடி தட்ட வேண்டும். ஒரு தந்தியைச் சரிசெய்தால் பக்கத்துத் தந்தி கோபித்துக்கொள்ளும். மாமனார் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் கச்சிதமாக வந்து, இனி வாசிக்கலாம் என்று நிமிர்ந்தபோது கரண்ட் போய்விட்டது. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நல்லாத்தான் இருந்துச்சுங்க மாப்ள. ஒரே பாட்டையே திருப்பித் திருப்பி வாசிச்சீங்களா, அதான் கொஞ்சம் கண்ணு சொக்கிருச்சு.”

மோட்டார் தந்த வரம்

ராக் இசையில் ஒரு கரகரப்பு உண்டு. தொண்டை கட்டியவன் உருகிப் பாடுவதுபோல. அதற்காக நான் காலால் மிதிக்கும் பெடல்களாக வாங்கிக் குவித்து வைத்திருந்தேன். ஒன்றிலும் அது வரவில்லை. ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கரகரப்பு தானாக வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு நிமிஷத்தில் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. பிறகுதான் பிடிபட்டது: பக்கத்துக் காட்டுப் பழனியம்மாள் தண்ணீர் மோட்டார் போட்டால் எங்கள் வீட்டில் வோல்டேஜ் இறங்கும், ஆம்ப் மூச்சு வாங்கும், அந்த மூச்சுதான் நான் தேடிய சத்தம்.

வேலிக்கு ஓடிப்போய், மோட்டாரை இன்னும் கொஞ்சம் ஓடவிடும்படி கேட்டேன். நல்ல மனசு, விட்டார். நான் கண்ணை மூடி வாசித்தேன். இவ்வளவு நன்றாக நான் வாசித்ததே இல்லை; சொல்லப்போனால் லேசாக அழுதேன். ஜன்னலோரம் பழனியம்மாள் வந்து நின்றதைக் கண்டதும், கேட்டு ரசிக்க ஒருவர் வந்தாச்சு என்று ஜன்னலை அகலத் திறந்தேன்.

“ஏனுங்க, தொட்டி நெறஞ்சு பாத்தியெல்லாம் அடிச்சுட்டுப் போகுது. இன்னும் எத்தன பாட்டுங்க பாக்கி?”

அழைப்பு

பருவம் முடியப்போகிறது. செல்வி லாரிக்காரரிடமே பேசிவிட்டாள். அப்போது ஒரு காலையில் மேட்டுக்காட்டுக் காளியண்ணன் வாசலில் வந்து நின்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் காட்டுக்கு வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டார். அடுப்படியில் தாளிக்கும் சத்தம் சட்டென்று நின்றது. நான் தலை வாரி, கருப்பு பனியன் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பலாமரம் நிறையக் குரங்குகள். மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுத்து வைத்திருந்தார் காளியண்ணன். வெடி போட்டும் தகரம் தட்டியும் பழகிப்போய் அவை அசைவதில்லையாம். விஷயம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மானம் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். சத்தத்தை முழுக்கத் திருகி ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தேன். மரம் காலி. காளியண்ணன் வீட்டார் கைதட்டினார்கள். கைதட்டு கேட்டால் எந்தக் கிட்டார்காரன் சும்மா இருப்பான்? வருஷக்கணக்காகப் பழகிய மெதுவான சோலோவை எடுத்தேன். கண் திறந்தபோது குரங்குகள் திரும்பிவந்து கிளை கிளையாக அமர்ந்திருந்தன. ஒன்று சுளை தின்றபடி என்னையே பார்த்தது.

“இந்த உருக்கமெல்லாம் வேண்டாமுங்க, அதுக உக்காந்து கேக்குதுக. மொதல்ல வாசிச்ச கண்றாவியவே வாசிங்க சாமி.”

தீர்ப்பு

வாசிக்கச் சொன்னாரா, விரட்டச் சொன்னாரா என்று செல்வி இரண்டு நாள் யோசித்தாள். அதற்குள் மலையில் பக்கத்துக் குண்டூர் நாட்டிலிருந்தும் தேவனூர் நாட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டது, என்றைக்கு வர முடியும் என்று கேட்டுக்கொண்டு. அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, லாரிக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாமென்று சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“பெட்டி ஊட்லயே இருக்கட்டுங்க. ஆனா தயவுபண்ணி நல்லா வாசிக்கப் பழகிடாதீங்க.”

ஊர் உலகத்தில் கிட்டார்காரர்களெல்லாம் கூட்டம் சேர்க்கப் படாதபாடு படுகிறார்கள்; கூட்டத்தைக் கலைப்பதற்கென்றே தேதி கேட்டு அழைக்கப்படுகிறவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.