ஓரகத்தியின் பின்னால் நடந்தவள்

மரகதவல்லிக்கு வைதேஹியைக் கண்டால் ஆகாது. இருவரும் ஓரகத்திகள், ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். அண்ணன் மனைவி என்பதால் வீட்டுச் சாவிக் கொத்து மரகதவல்லியின் இடுப்பில் இருந்தது. அதைத் தூங்கும்போதுகூட அவிழ்க்கமாட்டாள்.

அறுபத்து நாலாம் வருஷம் ஆடியில் அவளுக்கு நெஞ்சை அடைத்தது. வயது நாற்பத்தெட்டு. புத்தூர் டாக்டர் ரத்தம் எடுத்தார். துணைக்குப் போன வைதேஹியும் தன் பங்குக்குக் கையை நீட்டிவைத்தாள். கொலஸ்ட்ரால் என்ற சொல்லை அந்த வீடு அப்போதுதான் கேட்டது. ஒல்லிக்குச்சியான மரகதவல்லிக்கு அது ஏகத்துக்கும் இருந்தது. இப்படியே விட்டால் இதயத்துக்கு ஆபத்து என்றார் டாக்டர். சாதத்தை நெய்யில் குளிப்பாட்டிச் சாப்பிடும் குண்டு வைதேஹிக்கு ஒன்றுமே இல்லை.

பெருமாளுக்குக் கண் இல்லையா? மரகதவல்லிக்கு வயிறு எரிந்தது. சாவதைவிட, செத்த மறுநாள் சாவிக் கொத்து யார் இடுப்பில் ஏறும் என்பதே அவளை வாட்டியது. நெய்யை விட்டாள், பொரித்ததை விட்டாள். பொறாமையை மட்டும் விடவில்லை.

வைதேஹி ஏதோ மருந்து சாப்பிடுகிறாள் என்று அவளுக்குச் சந்தேகம். தினமும் விடிவதற்கு முன் குடத்தோடு கிளம்பிப் போகிறாளே, எந்த வைத்தியரிடம்? கையும் களவுமாகப் பிடிக்க மரகதவல்லி பின்னாலேயே போனாள்.

வைதேஹியின் நடை ஓட்டமும் நடையுமாக இருக்கும். முதல் நாள் மொட்டைக் கோபுரம் தாண்டுவதற்குள் மரகதவல்லிக்கு நாக்குத் தள்ளியது. அம்மா மண்டபப் படித்துறையில் வைதேஹி பூக்காரி இருளாயியோடு வெகுநேரம் பேசினாள், காவேரியில் குளித்தாள், சித்திரை வீதிகளைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பினாள். வைத்தியரும் இல்லை, மருந்தும் இல்லை. நம்புவாளா? நாளைக்கு மாட்டுவாள் என்று மறுநாளும் போனாள். மழையிலும் போனாள், மார்கழிப் பனியிலும் போனாள்.

தை பிறந்ததும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் முகம் மலர்ந்தது.

"நல்லாவே குறைஞ்சிருக்கும்மா. பத்தியத்தால மட்டும் இவ்வளவு குறையாதே. வேற என்ன பண்றீங்க?"

மரகதவல்லி இடுப்புச் சாவிக் கொத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"தினம் காவேரிக்கு வேகமா நடக்கறா, டாக்டர். என் பின்னாடியேதான் வரா" என்றாள் வைதேஹி.

"அதுதான் சங்கதி! மூச்சு வாங்க நடந்தா உடம்பு கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும். விடாம நடங்க."

திரும்பும் பஸ்ஸில் மரகதவல்லி கொதித்தாள்.

"எப்போலேர்ந்துடீ தெரியும் உனக்கு?"

"முதல் நாளே தெரியும்க்கா. சாவிக் கொத்து அந்தச் சத்தம் போடறதே! பாவம், மூச்சு வாங்கறேளேன்னுதான் இருளாயிகிட்ட நின்னு பேச்சுக் கொடுத்தேன்."

நெஞ்சடைப்பைக்கூடத் தாங்கிக்கொண்டவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. பிழைத்ததும் இவள் போட்ட பிச்சையா?

மறுநாள் விடியலில் வைதேஹி வாசலுக்கு வந்தபோது மரகதவல்லி முந்திக்கொண்டு அங்கே நின்றிருந்தாள். கையில் சாவிக் கொத்து.

"இந்தா, இதை இடுப்புல சொருகிக்கோ."

வைதேஹி திகைத்துப்போனாள். "எனக்கா? எதுக்குக்கா?"

"இனிமே நான் முன்னாடி போவேன். நீ கிட்ட வந்தா எனக்குக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு மரகதவல்லி வேகமாக நடந்தாள்.