புரட்டாசியில் மீன் வாடை

மழை பெய்தால் எங்கள் சந்தில் கால்வாய் அடைத்துக்கொள்ளும். அடைப்பது வேறு எதுவும் இல்லை, நாங்கள் பார்சல் கட்டிக் கொடுக்கிற பிளாஸ்டிக் டப்பாவும் சாம்பார் கவரும்தான். நான் விற்ற டப்பாவே மிதந்து வந்து என் அடுப்படியில் நிற்கும். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால், ஆட்டோ திரும்ப முடியாத சந்தில், முப்பது வருஷமாகக் கடை வைத்திருந்தேன். காலையில் இட்லி, மத்தியானம் சோறும் மீன் குழம்பும். அடுத்த தெரு அடுக்குமாடியில், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா இருந்தார். அவர் வந்து பொது டப்பா விஷயத்தைச் சொன்னபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை.

விஷயம் இதுதான். எல்லாம் எவர்சில்வர் டப்பா, ஐந்து கடைக்கும் பொது. எந்தக் கடையில் பார்சல் வாங்கினாலும் அந்த டப்பாவில்தான் தருவோம். சாப்பிட்டுவிட்டு ஐந்தில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் திருப்பித் தரலாம். எந்தக் கடைக்கு வந்து சேர்ந்ததோ அந்தக் கடை கழுவி வைக்க வேண்டும். மூடிக்கு உள்ளே ரப்பர் வளையம், குழம்பு ஒழுகாது. அடியில் நம்பர் வெட்டியிருக்கும்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கால்வாயைவிட வேறொன்று பெரிதாகப் பட்டது. ஐந்து கடைப் பேரையும் எழுதி ஒவ்வொரு கடையிலும் ஒரு பலகை மாட்டினார்கள். முதல் பேர் மாடவீதியில் இருக்கிற பெரிய மெஸ். அந்த மெஸ்காரர் இத்தனை வருஷமும் என் கடையைத் தாண்டும்போது துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு போனவர். அடுத்த இரண்டும் சைவ டிபன் கடை. நான்காவது பேர் என் கடை. என் கடைக்குப் பேரே கிடையாது, பலகைக்காகத்தான் வைத்தோம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்த ஐந்து பேரையும் ஒரு நாளைக்குப் பத்து தரம் கூட்டிப் படித்தேன். மெஸ் இருக்கிற வரிசையில் நானும் இருந்தேன். அந்த வரிசையை விட்டு இறங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் மனசில் இருந்தது.

ஐந்தாவது, சந்து முனையில் பிரியாணிக் கடை வைத்திருந்த பாய். அவருடைய அப்பா காலத்திலிருந்து பழக்கம்.

"இன்னா பாய், உன்னையும் சேத்துக்கினாங்களா?" என்று கேட்டேன்.

"சேத்துக்கினாங்கக்கா. இனிமே மெஸ்ஸு தயிர் சாதமும் நம்ம பிரியாணியும் ஒரே வூட்டுப் புள்ளைங்க."

"டப்பாவப் பாத்துக் கழுவு. பேரக் கெடுத்துறாத."

"மொதல்ல நீ பாத்துக் கழுவு. என்னிய சொல்ல வந்துட்ட."

இரண்டு மூன்று மாதம் நன்றாகவே போனது. கால்வாயில் தண்ணீர் ஓடியது. பிறகு புரட்டாசி பிறந்தது. புரட்டாசியில் என் கடையில் மீன் கிடையாது, முட்டைகூட உடைக்க மாட்டோம். மத்தியானத்துக்கு வத்தக்குழம்பும் பொரியலும்தான்.

அந்த மாதத்தில்தான் புகார் வந்தது. மெஸ்ஸில் தயிர் சாதம் வாங்கிப் போன வீட்டில், டப்பாவைத் திறந்தால் மீன் வாடையாம். அடுக்குமாடியின் கார் ஷெட்டில் நாற்காலி போட்டு எங்களை எல்லாம் கூப்பிட்டார்கள். அந்த டப்பா நடுவில் ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது.

பேங்க் அம்மா ஆரம்பித்தார். "அவா ஆத்துல திறந்து பாத்துட்டு அப்படியே வாசல்ல வச்சுட்டாளாம். நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா என்னன்னு தெரிஞ்சுக்கணுமோல்லியோ?"

"தெரிஞ்சுக்க என்ன இருக்கு?" என்றார் மெஸ்காரர். "மீன் விக்கறது யாருன்னு ஊருக்கே தெரியும்." என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் எழுந்துவிட்டார். "சார், இது புரட்டாசி மாசம். அக்கா கடைல மீன் வாங்கி இருவது நாளாவுது. நான் டெய்லி பாத்துக்கினுதானே கீறேன்?"

மெஸ்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அப்படின்னா உங்க கடைதான், பாய்."

"நான் மீனே போடறதில்லையே, சார்."

"கறி போடறீங்கல்ல? எல்லாம் ஒரே கவுச்சிதான்."

நான் எழுந்து போய் டப்பாவை எடுத்து முகர்ந்தேன். மீனும் இல்லை, கறியும் இல்லை. ஈரத்தோடு மூடி வைத்த பாத்திரம் இரண்டு நாளில் இப்படித்தான் நாறும், அதில் பாயசம் வைத்திருந்தாலும் நாறும். பாத்திரம் தேய்த்த எந்தப் பெண்பிள்ளைக்கும் தெரியும். அடியில் திருப்பி நம்பரைப் பார்த்தேன். எழுத்துதான் எனக்குத் தகராறு, நம்பர் நன்றாக வரும். அந்த வாரம் விடாத மழை. துடைக்கிற துணியெல்லாம் ஈரம். ஒரு சாயங்காலம், மெஸ்ஸில் டப்பா தீர்ந்துபோய் ஆள் வந்து நிற்கிறான் என்று, கழுவிய டப்பாக்களைக் காயவிடாமல் மூடி அடுக்கிக் கொடுத்தேன். மேலே இருந்தது இந்த நம்பர்தான்.

நான் கழுவி மூடிய டப்பா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மீன் விற்றவள் என்று சொன்னால் தாங்குவேன், அது என் தொழில். பாத்திரம் சரியாகக் கழுவத் தெரியாதவள் என்று அந்த மெஸ்காரர் எதிரில் நானே எப்படிச் சொல்வது? என் கை சுத்தத்தைச் சொல்லித்தான் நான் கடை நடத்தினேன்.

பாய் என் கையிலிருந்து டப்பாவை வாங்கினார். மூடியின் ரப்பர் வளையத்தை நகத்தால் கிளப்பினார். உள்ளே இருந்து தண்ணீர் சொட்டியது. நான் நம்பரைத் திருப்பிப் பார்த்ததைக் கவனித்திருந்தவர், என்னைப் பார்த்தார். பிறகு வளையத்தைத் திரும்ப அழுத்திவிட்டு, டப்பாவை ஸ்டூலில் வைத்துவிட்டார்.

"நீங்க என்னம்மா சொல்றேள்?" என்று பேங்க் அம்மா என்னைக் கேட்டார்.

"எனக்கு இன்னா தெரியும்மா?" என்றேன்.

பாய் கடை டப்பாவில் மட்டும் சிவப்புப் புள்ளி வைப்பது என்று முடிவானது. சிவப்புப் புள்ளி டப்பாவை அவர் கடையில் மட்டும்தான் திருப்பித் தர வேண்டும்.

"கோச்சுக்காதீங்கோ, பாய். வித்தியாசமெல்லாம் பாக்கலை. ஒரு அடையாளத்துக்குத்தான்."

"அடையாளம் எதுக்கும்மா? ஆளே அடையாளமாத்தானே கீறேன்," என்றார் பாய்.

மறுநாள் தன்னிடம் இருந்த டப்பாக்களை எல்லாம் கோணியில் கொண்டுவந்து என் கடையில் இறக்கினார். பேங்க் அம்மாவிடம் சேர்த்துவிடச் சொன்னார். டப்பா தனி, மூடி தனி, வளையம் தனி. ஒவ்வொன்றும் காய்ந்து பளபளவென்று இருந்தது. நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பலகையில் அவர் பேரின் மேல் பெயிண்ட் அடித்தார்கள், என் பேர் கடைசியாக நின்றது.

புரட்டாசி முடிந்தது. முடிந்த மறுநாளே பேங்க் அம்மா வந்தார்.

"இனிமே மீன் போட்டேள்னா உங்களுக்கும் சிவப்புப் புள்ளி வைக்கணும்னு மெஸ்ல சொல்றா. பேசாம மீனை விட்டுடுங்கோளேன். இந்த மாசம் நன்னாத்தானே போச்சு?"

"நான் மீன வுட்டாலும் அவரு துண்ட மூக்குல இருந்து எடுக்க மாட்டாரும்மா," என்றேன். இருந்த டப்பாக்களை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பலகையை நானே கழற்றினேன். ரோஷக்காரி என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். ரோஷம் வரவேண்டிய நாளில் வரவில்லை என்பது எனக்கும் பாய்க்கும் மட்டும்தான் தெரியும். திட்டம் இப்போதும் நடக்கிறது, மூன்று சைவக் கடைகளோடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். பிரியாணி ஒரு சாக்கு. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். நல்ல கூட்டம்.

"வாக்கா," என்றார், அண்டாவிலிருந்து தலையைத் தூக்காமல்.

தூக்கை நீட்டினேன். அதைப் பார்த்தார், வாங்கவில்லை.

"வூட்டுப் பாத்திரத்துலயா? வேணாங்கா. நாளைக்கு வாடை அடிச்சா யாரச் சொல்லுவ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, பிரியாணியை அள்ளிப் போட்டு, கேட்காமலே ஒரு முட்டையையும் வைத்து மூடினார். காசு கொடுத்த பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

"நவுருக்கா, பின்னால ஆள் நிக்குது," என்றார்.

பின்னால் ஆள் நின்றது உண்மைதான். நகர்ந்துவிட்டேன்.