சொல்தாக்களின் கற்கள்

என் மகன் பட்டாளத்தில் சேரப்போவதாகச் சொன்ன அன்று நான் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். விரல்களில் கறை ஏறியிருந்தது.

"பாண்டிச்சேரிக்குப் போயி எழுதிக் குடுக்கணும்மா. எடுத்துக்கிட்டாங்கன்னா நேரா பிரான்சுதான்" என்றான், சினிமாவுக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. அவனும் கூடப் படித்த கிறிஸ்தவப் பையன் ஒருவனும் சேர்ந்து எடுத்த முடிவு. இப்படி ஒரு வழி எங்கள் வீட்டுக்கு வந்தது என் மாமனாரால். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்காலில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். விழிதியூரில் நாற்றங்காலில் நின்றவர் கப்பலேறி வியத்நாமின் சைகோனுக்குப் போய், பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்புகிறவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொள்ளலாம் என்றார்கள். அவர் இருந்துகொண்டார். அந்தக் குடியுரிமை என் கணவருக்கும் பிறகு என் மகனுக்கும் வந்தது.

கணவர் நாற்காலியை விட்டு எழாமலே சொன்னார்: "போவட்டுமே. எங்கப்பா போயிட்டு வரலயா? அவரு திரும்பி வந்ததாலதான் நான் ஒனக்குக் கெடச்சேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். போனா என்னென்ன வினை வரும்னு" என்றேன். மகன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை.

"நீ வேணாம்னா போவலம்மா" என்று அவனே சொன்னான். "ஆனா காரணம் சொல்லு. சும்மா பயமா இருக்குன்னு சொல்லாத."

சும்மா பயமாகத்தான் இருந்தது. அதற்கு என்ன காரணம் சொல்வது?

மாமனார் எழுபதுகளின் பாதி வரை எங்களோடு இருந்தார். சண்டையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு மற்ற சொல்தாக்களோடு வரிசையில் நடந்துவிட்டு வருவார். பதக்கங்களைக் கழற்றிப் பவுடர் டப்பாவில் போட்டு மூடுவார். அவ்வளவுதான். ஒரே ஒரு பழக்கம் மட்டும் வித்தியாசமாக இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நின்று, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். யார் எங்கே இருந்தாலும் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுப்படியிலிருந்து மெல்லச் சொல்வேன். காதில் விழும் வரை திரும்பக் கூப்பிடுவார். எங்கள் பெயர்கள் முடிந்ததும், எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத சில பெயர்களைச் சொல்வார். இரண்டு கிறிஸ்தவப் பெயர்கள், ஒரு முஸ்லிம் பெயர், பிறகு ஒரு முருகன் பெயர். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு சாப்பிட வருவார்.

என் மகன் சின்னப் பையனாக இருந்தபோது ஒருநாள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அந்த வேற்றுப் பெயர் ஒன்றுக்கு "இருக்கேன்" என்று கத்திவிட்டான். விளையாட்டுத்தான். கிழவர் அன்று சாப்பிடவில்லை. பையனை அடிக்கவும் இல்லை.

கணவரிடம் கேட்டால், "கெழவனுக்கு மூள கொழம்பிப் போச்சு" என்பார். அவர் மட்டும்தான் அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லாமல் வேண்டுமென்றே செருமிவிட்டுப் போவார். மாமனார் இறந்தார், எரித்தோம், சாம்பலைக் கடலில் கரைத்தோம். கல் வைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் பார்த்தது எல்லாம் அவரோடு போய்விட்டது.

அவரோடு போனவர்களில் கிறிஸ்தவர்களுக்குக் கல் இருக்கும் என்பது மகன் காரணம் கேட்ட பிறகுதான் தோன்றியது. அவர்கள் எங்கே போனார்கள், எந்த வயதில் இறந்தார்கள் என்று கல்லில் இருக்குமே. நான் சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். பிறகு தமிழ்ப் பள்ளியில் டீச்சரானேன். படித்தவள் என்பதால் காரணத்தைப் படித்தே எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மகனிடம் சொன்னேன்: "அந்தக் கல்லையெல்லாம் பாத்துட்டு வரேன். அதுல போனவங்க கதி என்னன்னு தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் பேசலாம்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "சரிம்மா" என்றான்.

கல்லறைத் தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போவேன். கடல் காற்றின் உப்பு அந்தக் கற்களைத் தின்றிருந்தது. எழுத்துகளில் பூசிய கறுப்பு மை எப்போதோ போய்விட்டது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் பள்ளமான எழுத்துகளில் நிழல் தங்கும். அப்படியும் தெரியாதவற்றுக்குப் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைப் படுக்கவைத்துக் கல்மேல் தேய்ப்பேன். கல் வெளுக்கும், எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கும்.

காவல்காரர் ஓடிவந்தார். "என்னங்க டீச்சர், கல்லறைய கரும்பலகையாக்கிட்டீங்க?"

"சாக்பீஸுதாங்க. தண்ணி ஊத்துனா போயிடும்."

"பரீட்சை வெக்காம இருந்தா சரி. படுத்திருக்கறவங்க யாரும் பாஸாவ மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெயில் ஏறியதும் நடுவில் இருந்த பெரிய சிலுவையின் படியில் உட்கார்ந்து, கொண்டுபோன தண்ணீரைக் குடிப்பேன். நிழல் அங்கேதான் விழும். அந்தப் படியெல்லாம் பழைய மெழுகு உருகிக் கட்டிக் கிடக்கும். சேலையில் ஒட்டும். நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு எழுந்து வருவேன்.

கற்கள் நான் நினைத்ததைச் சொல்லவில்லை. நான் இருபத்திரண்டு, இருபத்தைந்து என்ற வயதுகளைத் தேடிப் போயிருந்தேன். முதல் கல்லில் சார்ஜென்ட் ஒருவர், எழுபத்தெட்டு வயது. அடுத்தவருக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்னொருவர் உயிரோடு இருக்கும்போதே தன் கல்லை அடித்துவைத்திருக்க வேண்டும். பெயரும் பட்டாளத்தின் பெயரும் அழகான பிரெஞ்சு எழுத்தில் இருந்தன, இறந்த தேதி மட்டும் வேறு கையால் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. அவரும் கிழவராகித்தான் போயிருந்தார். ஒரு கல்லில் மனைவியின் பெயரும் இருந்தது, எழுத்துகளின் தலையில் கொம்பும் கொக்கியும் போட்ட வியத்நாம் பெயர். அந்த அம்மாள் காரைக்கால் மீன் சந்தையில் எப்படிப் பேரம் பேசியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

சார்ஜென்ட்டின் மகள் திருமலைராயன்பட்டினத்தில் இருப்பதாகக் காவல்காரர் சொன்னார். பஸ் ஏறிப் போனேன். என்னைவிடப் பத்து வயது பெரியவர், தாராளமாகப் பேசினார்.

"எங்கப்பாவா? ராசா மாதிரி இருந்தாரு டீச்சர். கடைசி வரைக்கும் சாயங்காலம் ரொட்டிதான். வாயில ஒரு பல்லு கெடையாது, காப்பியில நனச்சு நனச்சு உறிஞ்சுவாரு. எங்கம்மா சொல்லும், 'வெள்ளைக்காரன் கூட இப்புடி திங்க மாட்டான்'னு."

"ஒடம்புல காயம் ஏதாவது?"

"காது ஒண்ணு கேக்காது. அதுவும் எங்கம்மா திட்டுற பக்கம் இருந்த காது."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. கிளம்பும்போது, "கல்லறைத் திருநாளுக்கு வாங்க டீச்சர். பூவெல்லாம் வெச்சு அன்னிக்கித்தான் பாக்கணும் எங்கப்பா கல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோணல் தேதி, வியத்நாம் மனைவி, கேட்காத காது. சொல்லும்போதே என் நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. போனவர்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். வந்து, பிள்ளை பெற்று, பல் விழுந்து, படுக்கையில் செத்திருக்கிறார்கள். கல்லில் வெட்டியிருப்பது பொய்யாகுமா?

"போயிட்டு வா" என்று சொன்னேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். கணவர்தான், "கல்லு சொன்னாத்தான் ஒங்கம்மா கேப்பா, நான் சொன்னா கேக்க மாட்டா" என்றார்.

அவன் பாண்டிச்சேரிக்குப் போய் எழுதிக்கொடுத்தான். உடம்பைப் பார்த்தார்கள். எடுத்துக்கொண்டார்கள். பெட்டி வாங்கினோம்.

அவன் புறப்பட ஒரு வாரம் இருந்தபோது கல்லறைத் திருநாள் வந்தது. ஐப்பசி மழை மதியத்தோடு விட்டிருந்தது. சார்ஜென்ட்டின் மகள் கூப்பிட்டிருந்தாரே என்று சாயங்காலம் போனேன். நான் தனியாக உலாவிய இடமா அது என்று இருந்தது. கல்லுக்குக் கல் சாமந்தி மாலை, மெழுகுவர்த்தி, குடும்பம் குடும்பமாக ஆட்கள். அவர் தன் தந்தையின் கல்லைக் கழுவி, பூ வைத்து, வர்த்தி ஏற்றி ஜெபம் சொன்னார். நான் கைகட்டி நின்றேன். முடிந்ததும் பையிலிருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு, "வாங்க டீச்சர்" என்று நடுச் சிலுவைப் பக்கம் நடந்தார்.

அங்கே நெருங்க முடியவில்லை. நான் உட்கார்ந்து தண்ணீர் குடித்த படி முழுக்க வர்த்திகள். ஒன்றின் மெழுகு இன்னொன்றில் வழிந்து, சுடர்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தன.

"இது யாருக்குங்க?" என்று கேட்டேன்.

"எங்க சித்தப்பாவுக்கு. அப்பாவும் அவரும் ஒரே கப்பல்ல போனாங்க."

"அவரு கல்லு எந்தப் பக்கம் இருக்கு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆளே வரல, கல்லுக்கு எங்க போறது டீச்சர்? கல்லு இல்லாதவங்களுக்கெல்லாம் சிலுவையடிதான்." பிறகு குனிந்து இடம் தேடி வர்த்தியை நட்டுவிட்டு, சித்தப்பாவின் பெயரைச் சொல்லி ஜெபத்தைத் தொடங்கினார்.

அந்தப் பெயரை நான் கேட்டிருக்கிறேன். எங்கள் வாசலில், வருஷக்கணக்காக, விளக்கு வைக்கும் நேரத்தில்.

அந்த இரண்டு கிறிஸ்தவப் பெயர்களில் அது முதலாவது. என் மகன் கதவுக்குப் பின்னாலிருந்து "இருக்கேன்" என்று கத்தியதும் அந்தப் பெயருக்குத்தான்.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. கால் முழுக்கச் சேறாக இருந்தது என்பது மட்டும் தெரியும். ஞாயிறு ஞாயிறாக நான் படித்தது திரும்பி வந்தவர்களை மட்டும். செத்த இடத்திலேயே கிடக்கிறவர்களின் மெழுகை நகத்தால் சுரண்டி எறிந்திருக்கிறேன்.

மகன் கூடத்தில் உட்கார்ந்து புதுப் பெட்டிக்குப் பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். சிலுவையடி, வர்த்திகள், தாத்தா கூப்பிட்ட பெயர், எல்லாம்.

அவன் பூட்டைக் கீழே வைத்தான். "தெரியும்மா."

"என்னடா தெரியும்?"

"சிலுவையடி. வருஷா வருஷம் அவனோடதானே போவேன். அவங்க தாத்தாவுக்கு அங்கதான் ஏத்துவாங்க." கூடப் போகிறானே, அந்தக் கூட்டாளியைச் சொன்னான்.

"அப்ப ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ கல்ல படிச்சுட்டு வந்து சிரிச்ச. நான் சேரப்போறேன்னு சொன்ன நாள்லேர்ந்து நீ சிரிச்சு நான் பாக்கல." பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டு, "சொல்லியிருக்கணும். தப்புதான். இப்பவும் ஒண்ணும் ஆயிடல. வேணாம்னு சொல்லு, பெட்டிய காலி பண்ணிடறேன்" என்றான்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் வேண்டாம் என்றால் காலி செய்திருப்பான். என் வாயில் அந்தச் சொல் இருந்தது. அவன் பதக்கத்தைப் பார்த்து மயங்கிப் போகிறான், விவரம் தெரியாத பையன், விவரம் சொல்லித் தடுத்துவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். விவரம் தெரியாமல் இருந்தது நான் மட்டும்தான். அந்த வர்த்திகளுக்கு நடுவில் வருஷா வருஷம் நின்றுவிட்டு வந்துதான் அவன் இதை முடிவு செய்திருக்கிறான். அப்படிப்பட்டவனிடம் சொல்ல என்னிடம் புதிதாக எந்தக் காரணமும் இல்லை. சும்மா பயம்தான் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லாதே என்று அவன் முதலிலேயே கேட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளே போய்க் காலைக் கழுவினேன். சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது சரிதானா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

அவன் போய்விட்டான். இப்போது இருக்கும் ஊரின் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. மணல்தான் கண்ணுக்கெட்டிய வரை என்று எழுதுகிறான். கடிதம் வர மூன்று வாரம் ஆகிறது. சுகமாக இருக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தால், மூன்று வாரத்துக்கு முன்னால் சுகமாக இருந்தான் என்று அர்த்தம். ரேடியோவில் அந்தப் பக்கத்துச் செய்தி வந்தால் கணவர் சத்தத்தைக் குறைப்பார், நான் கூட்டுவேன். கல்லறைப் பக்கம் நான் போவதில்லை. சார்ஜென்ட்டின் மகள் ஒருமுறை கடைத்தெருவில் பார்த்து, "என்ன டீச்சர், ஆளையே காணோம்?" என்றார். அந்தச் சிலுவையின் நிழல்கூட என்மேல் விழ வேண்டாம் என்று இருக்கிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

போன வாரம் விளக்கேற்றி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிடக் கூப்பிடும் பழக்கத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. மாமனார் நின்ற அதே இடம். உள்ளே போகவும் முடியாமல் நின்றேன்.

தன் அப்பா கூப்பிட்டபோது ஒருநாளும் வாயைத் திறக்காத என் கணவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"இருக்கான்" என்றார். "அங்க இருக்கான். நீ உள்ள வா."