சென்னிமலையின் தண்ணீர் முறை

ஞானஸ்நானம் எடுத்தபோது சென்னிமலையைப் பெயர் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். "எங்கப்பன் வெச்ச பேருங்க, இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டார். மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் கேட்டதற்கு மேலேயே ஏற்றுக்கொண்டார். திருச்செங்கோட்டுக்குத் தெற்கே அவருடைய ஊரில், பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்த களத்தில் நின்று, "இனி ஞாயித்துக்கெழம ஏர் பூட்ட மாட்டேன், சால் எறைக்க மாட்டேன், நானும் சரி, எம் மாடும் சரி" என்று அறிவித்தார். யாரும் கேட்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மழை பெய்த வருஷங்களில் அந்தச் சபதம் சுலபமாகத்தான் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. அது பங்காளிகளின் பொதுக் கிணறு. ஊற்று குறைந்தால் ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் முறை. சென்னிமலையின் நாள் ஞாயிறு. நாளை மாற்றிக்கொள்ளலாமா என்று அண்ணன் அர்த்தநாரியிடம் போய்க் கேட்டார்.

"தாத்தன் வெச்ச முறைடா. உன்ற சாமிக்காவ மாத்த முடியாது."

அர்த்தநாரி கெட்டவரல்ல. தம்பி எப்போது வழிக்கு வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இரண்டு ஞாயிறு தண்ணீர் பாயவில்லை. மிளகாய்ச் செடிகள் தலை தொங்கிவிட்டன. இன்னொரு வாரம் போனால் அடுப்பெரிக்கத்தான் ஆகும். அந்த வருஷம் வீட்டில் சோறு என்றால் அந்த மிளகாயை நம்பித்தான். விட்டுக்கொடுத்தால் பங்காளிகள் முன்னால் பேச்சு போகும். பேச்சைக் காப்பாற்றினால் வயிறு காயும். சென்னிமலைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு வேதக்கோயிலுக்கு நடந்தார். வழிநெடுக அடுத்தவர் கிணறுகளில் உருளை கிறீச்சிட்டது. உபதேசியார் அன்று பார்த்து ஓய்வுநாள் கட்டளையைத்தான் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார். யார் யாருக்கு ஓய்வு என்று விரல்விட்டுச் சொன்னார்: நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் மாடு, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன். சென்னிமலைக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி ஜெபத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டார். அப்படி அவர் செய்தது அதுதான் முதல் தடவை.

மிளகாய்க் காட்டை நெருங்கும்போதே தங்கள் கிணற்று உருளைச் சத்தம் கேட்டது. மனைவி பாப்பாயி மாடு பூட்டிச் சாலில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் சால் ஓட்டுவது அந்தப் பக்கம் வழக்கமில்லை. வடக்கயிற்றில் உட்கார்ந்து மாட்டைச் சரிவில் இறக்குவாள், நாலு சால் கொட்டியதும் நிறுத்திவிட்டு ஓடிப்போய் மடை திருப்புவாள், மறுபடி ஓடிவருவாள். முழங்கால்வரை சேறு. அர்த்தநாரி வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்.

சென்னிமலைக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"ஏ புள்ள, மாட்ட அவுறு! மாட்டுக்கும் இன்னிக்கு ஓய்வுன்னு கட்டளை இருக்குது, தெரியுமல்ல?"

பாப்பாயிக்கு மூச்சு வாங்கியது. "மாட்டுக்குச் சொல்லியிருக்குதுங்களா?"

"சொல்லியிருக்குது."

"வேலக்காரிக்கு?"

"அவளுக்குந்தான்."

"பொண்டாட்டிக்குங்க?"

சென்னிமலை அந்த வரிசையை மனசுக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார். அந்நியன்வரைக்கும் போய்விட்டு, மறுபடி முதலிலிருந்து வந்தார். எங்கேயும் இல்லை. மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் அவர் ஓய்ந்திருந்தார், மாடு ஓய்ந்திருந்தது. அவள் அன்றைக்கும் சாணி அள்ளினாள், அடுப்பூதினாள், ஓய்ந்திருந்த அந்த மாட்டுக்குச் சோளத்தட்டு எடுத்துப் போட்டாள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

கோயிலுக்குப் போட்டுப்போன சட்டையைக் கழற்றி வரப்பில் எறிந்தார். அவள் கையிலிருந்த சாட்டையை வாங்கிக்கொண்டார்.

"நீ போயி அந்த வேப்பமரத்தடியில உக்காரு."

"ஏனுங்க, நானு மடையாவது கட்டறனுங்க."

"உக்காருன்னா உக்காரு."

அர்த்தநாரி சிரித்தார். "என்றா சென்னி, உன்ற சாமி உத்தரவு குடுத்துட்டாரா?"

"தெரியலீங்கண்ணா. இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கறேன்."

மாட்டை ஓட்டினார். தானே ஓடிப்போய் மடை திருப்பினார், தானே திரும்பி ஓடிவந்தார். செய்வது பாவமா இல்லையா என்று ஒவ்வொரு சாலுக்கும் மனசு அடித்துக்கொண்டது. தண்ணீர் செடிகளின் காலில் ஏறத் தொடங்கியது. பாப்பாயி இரண்டு முறை எழுந்தாள். இரண்டு முறையும் அதட்டி உட்கார வைத்தார். பட்டப்பகலில் கையில் வேலையில்லாமல் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்துவிட்டாள்.