அருள்தாஸ் மச்சான் தொட்டியில் நத்தை வந்த கதை

மீன்தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் என் மனைவி ஸ்டெல்லாவின் போன் அடித்தது. அடுத்த நிமிடம் அலறல்.

"எங்கண்ணன் போயிட்டாராங்க!"

சிதம்பரத்தில் அருள்தாஸ் மச்சான், காலைக் காபியைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். அப்போது என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? 'இனிமேல் நம் மீன் வளர்ப்பு வாட்ஸ்அப் குழுவில் நான்தான் பெரிய ஆள்.' சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று உடனே என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் வந்தது வந்ததுதான்.

குழு நண்பர்கள் அவரைப் பற்றி என்னை எழுதச் சொன்னீர்கள். மைத்துனர் ஆயிற்றே, நிறையத் தெரிந்திருக்கும் என்று. தெரியும். அதனால்தான் இத்தனை நாள் தட்டிக்கழித்தேன்.

அவருக்கு இந்த மீன் பைத்தியம் பிடிக்க வைத்ததே நான்தான். சிதம்பரம் அண்ணாமலை நகருக்கு அவர் வீடு மாறியபோது இரண்டடித் தொட்டி ஒன்றும் நான்கு கப்பி மீன்களும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே வருடத்தில் அந்தத் தொட்டி பச்சைப்பசேல் என்று செடி வளர்ந்து, தண்ணீர் இருப்பதே தெரியாத மாதிரி ஆகிவிட்டது. திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் என் தொட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "அருள்தாஸ் சாரோட தொட்டியப் பாத்துருக்கீங்களா?" என்று என்னையே கேட்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

என் தொட்டியிலோ நத்தை. கண்ணாடி முழுக்க நத்தை. அவரிடம் யோசனை கேட்பதாவது! கடையில் நத்தையைக் கொல்லும் செம்பு மருந்தை வாங்கி, சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு ஊற்றினேன். நத்தை எல்லாம் செத்தது. செத்து அழுகித் தண்ணீர் கஞ்சி மாதிரி ஆகி, பின்னாலேயே பாதி மீன்களும் செத்து மிதந்தன. ஸ்டெல்லா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். மனுஷன் முதல் பஸ்ஸில் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மதியம் வரை தண்ணீர் மாற்றினார்.

"மாப்ள, குத்தம் நத்தயோடது இல்ல. நாம போடற தீனி ஜாஸ்தி. மீனு தின்னு மிஞ்சறதத் தின்னுதான் அது பெருகுது" என்றார். வேகவைத்த முட்டைக்கோஸ் இலை ஒன்றைச் சாயங்காலம் தொட்டியில் போட்டுக் காலையில் எடுத்தால், மொய்த்திருக்கும் நத்தைகளும் கூடவே வந்துவிடும் என்றார். வெள்ளிக்கிழமை மீனுக்குத் தீனியே கிடையாதாம். "நமக்கு ஒருசந்தின்னா அதுங்களுக்கும் ஒருசந்தி. ஒரு நாளு பட்டினி கெடந்தா மீனு ஒண்ணும் சாவாது." எல்லாம் பலித்தது; மிஞ்சிய முட்டைகள் பொரித்து வந்த நத்தைகளும் குறைந்துகொண்டே போயின. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதன்பிறகு சிதம்பரம் போவதையே நிறுத்தினேன். ஸ்டெல்லா தனியாகப் போய்வந்தாள்.

பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. என் தொட்டியிலிருந்து ஒரு கொத்துச் செடி எடுத்துப்போனேன். இலைக்கு அடியில் வழவழவென்று நத்தை முட்டை இருந்ததைப் பார்த்துத்தான் எடுத்தேன். நத்தை முட்டை சாகட்டும் என்று, புதுச் செடியைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைக்காமல் தொட்டியில் விடமாட்டார் அவர்.

"படிகாரத்துல போட்டீங்களா மாப்ள?"

"ஆச்சு மச்சான்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் அவர் தொட்டியிலும் நத்தை. குழுவில் அவரே படம் போட்டார்: "கடையில் வாங்கிய செடி. கவனிக்காதது என் தவறு." என்ன பெருந்தன்மை என்று நீங்கள் அத்தனை பேரும் கைதட்டினீர்கள். அதற்கும் எனக்கு எரிந்தது. ஆனால் அந்த நத்தைகளைப் பார்ப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரம் போக ஆரம்பித்தேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நத்தை பொறுக்கினோம். ஊர்க்கதை பேசினோம். கோழிக்குழம்பு சாப்பிட்டேன். என் வாழ்க்கையிலேயே அவருடன் நான் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

மச்சான் போய் முப்பதாம் நாள் பூசை முடிந்து, அவர் மனைவி ஜெசிந்தா அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்கா அழவுமில்லை, கோபப்படவுமில்லை.

"அவுருக்குத் தெரியும் தம்பி. நீங்க அந்தாண்ட போனதுமே எலயத் திருப்பிப் பாத்தாரு. முட்ட இருந்துச்சு. தூக்கிப் போடுங்கன்னு நான் சொன்னேன். 'இருக்கட்டும் ஜெசி, நம்ம தொட்டியிலயும் நத்த இருந்தாதான் மாப்ள நம்ம வூட்டுக்கு வந்து போவாரு'ன்னு சொல்லிட்டு, அவரே தண்ணியில விட்டாரு."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அதை நினைத்தால் கையிலிருக்கும் இடுக்கியைக் கீழே வைத்துவிடுகிறேன். கூடவே, இந்த மனுஷனை இதிலும் ஜெயிக்க முடியவில்லையே என்றும் இருக்கிறது. நண்பர்களே, அது கடைச் செடி இல்லை. நான் கொடுத்த செடி. இதைப் படித்துவிட்டு நீங்கள் அவரைத்தான் புகழப்போகிறீர்கள். எனக்குத் தெரியும். நன்றாகப் புகழுங்கள்.