நர்ஸம்மாவின் வெள்ளைத் துணி

பதினெட்டு வருஷமாக அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலோரம்தான் அவளுடைய இஸ்திரி வண்டி நின்றது. உள்ளே நாற்பது வீடு. யாருக்குக் கால்சட்டை மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும், யார் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் துணி மூட்டையைப் பிரித்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே மூச்சு விட மாட்டாள். அவள் பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை. இஸ்திரிக்காரம்மா என்றால் போதும்.

நோய் வந்து ஊரை அடைத்தார்கள். வீட்டுக்குள் பனியனோடு உட்கார்ந்திருப்பவருக்கு இஸ்திரி எதற்கு? அவள் கணவன் பஸ் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன், பஸ்ஸும் ஓடவில்லை. ஒன்றரை மாதம் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி கிடந்தார்கள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டதில்லை.

கொஞ்சம் தளர்த்தியதும் வண்டியைத் திறந்து பெட்டியில் கரியைப் போட்டாள். வந்ததெல்லாம் சட்டை. கால்சட்டை ஒன்றுகூட இல்லை.

"கம்ப்யூட்டர்ல மேல் பாதிதான் தெரியுமாம்" என்றான் வாட்ச்மேன்.

பின் தெருவில் வாடகை அறையில் ஒரு நர்ஸ் தனியாக இருந்தாள். அவள் கொண்டுவரும் வெள்ளை யூனிஃபார்ம்தான் அப்போது உருப்படியான வேலை. அது குடியிருப்புச் செயலாளர் கண்ணில் பட்டது. பத்தடி தள்ளி நின்று, மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டுப் பேசினார்.

"அந்த நர்ஸ் துணியையும் எங்க துணியையும் ஒரே மேஜையிலயா தேய்க்கிற?"

"பெட்டி இந்தச் சூடு சுடுது, இதுல என்ன சார் ஒட்டும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவங்களா நாங்களான்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

மறுநாள் நர்ஸ் வந்தபோது இவள் பெட்டியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"வேற எங்கயாவது குடுத்துக்கோங்கம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

நர்ஸின் கன்னத்தில் மாஸ்க் வார் அழுத்திய தடம் சிவந்திருந்தது. "சரிக்கா" என்று மூட்டையை எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

"நீ என்ன பண்ணுவ? நாப்பது வீட்டைப் பகைச்சுக்க முடியுமா?" என்றான் கணவன்.

"நாப்பது வீட்டுல நாலு சட்டைதான வருது" என்றாள்.

பத்தே நாளில் மூன்றாம் மாடியில் ஒருவருக்கு நோய் வந்தது. வெளியாட்கள் வரக்கூடாது, மதிலோரம் வண்டி நிற்கக்கூடாது என்று போர்டு தொங்கியது.

"நான் என்னடா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலக்கா. மாட்டச் சொன்னாங்க, மாட்டினேன்" என்றான் வாட்ச்மேன்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் நர்ஸின் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே பெட்டி படுக்கையெல்லாம் கட்டி வைத்திருந்தது.

"வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரி விடுதிக்குப் போறேன்" என்றாள் நர்ஸ். "அங்க முப்பது பேர் இருக்கோம், தேய்க்க ஆளில்ல. வர்றீங்களா?"

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியும்..."

"கோபம்தான். நானே தேய்க்கிறேன்னு உக்காந்து காலரைக் கருக்கினேன். அதோட கோபம் போச்சு."

கணவனும் அவளுமாக ஊரின் மறுகோடிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். விடுதியின் பின்சுவரோரம் இடம் கிடைத்தது. அனலுக்கு முன்னால் மாஸ்க்கோடு நிற்பது பழக ஒரு வாரம் ஆனது. இரண்டாம் மாதம் அவளுக்கே காய்ச்சல் கண்டது. அவள் படுத்துக் கிடந்த மூன்று வாரமும் கணவன் தேய்த்தான். மடிப்பு ரெட்டைக் கோடாக விழுந்தது. நர்ஸுகள் அதை அப்படியே போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனார்கள்.

அவள் பிழைத்து எழுந்தாள். ஆனால் நாலடி வண்டியைத் தள்ளினாலே மூச்சு வாங்கியது. அதன்பின் தள்ளுவது அவன் பாடு, தேய்ப்பது அவள் பாடு என்றாகிவிட்டது. பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் அவன் மூட்டை தூக்கப் போகவில்லை.

ஊர் சரியானதும் செயலாளர் போனில் கூப்பிட்டார். "பழைய இடத்துக்கே வந்துடு. எல்லாரும் கேக்கறாங்க."

"பாக்கறேன் சார்" என்றாள்.

போகவில்லை. அவர்மேல் கோபம் என்றில்லை; காலை ஷிஃப்டுக்கு முன்னால் முப்பது செட் முடிய வேண்டியிருந்தது.